தோள் வலித்தால் கரை ஏறு!

பிள்ளை நீச்சலில் பதக்கம் வாங்கவேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால், பதக்கம் வாங்கிய பிள்ளையால் தன் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை என்றால், அந்தப் பதக்கத்தால் என்ன லாபம்?

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். வயது 13. எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

தினமும் காலை 5 மணிக்கு, அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து நீச்சல் குளத்துக்குப் போவாள். அப்போது தெரு விளக்குகூட அணைந்திருக்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மறுபடியும் குளம். வீட்டுக் கூடத்தில் 11 பதக்கங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. யார் வீட்டுக்கு வந்தாலும் அவள் தகப்பனார் முதலில் காட்டுவது அந்தப் பதக்கங்களைத்தான்.

ஒரு நாள் அவளுடைய தாயார் என் மனைவியிடம் சொன்னார்:

"ஆறாம் வகுப்பிலிருந்து அவள் தலையை அவளேதான் பின்னிக்கொள்வாள். என்னைத் தொடவிடமாட்டாள். இப்போது 10 நாட்களாக, 'நீயே பின்னிவிடு அம்மா' என்கிறாள். செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன்."

அது செல்லம் அல்ல. கையைப் பின்னால் கொண்டுபோக அவளால் முடியவில்லை!

வலது தோளில் வலி. இரண்டு மாதங்களாக வலி. அப்பாவிடம் சொல்லப் பயம். பயிற்சி கொடுப்பவரிடம் ஒரு முறை சொல்லி இருக்கிறாள். "போட்டி நெருங்கினால் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். நீந்த நீந்தச் சரியாகிவிடும்" என்று அவர் சொல்லிவிட்டார்.

நீந்த நீந்தச் சரியாகிவிடுமா?

ஆகாது! இதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

தட்டின் மேல் ஒரு பந்து

நம் உடம்பில் அதிகமாகச் சுழலும் மூட்டு எது? தோள் மூட்டுதான்.

கையை மேலே தூக்கலாம். கீழே விடலாம். முன்னால் நீட்டலாம். முதுகைச் சொறியலாம். ராட்டினம் போலச் சுற்றலாம். முழங்கால் இப்படிச் சுற்றுமா? சுற்றாது.

இவ்வளவு சுதந்திரம் தோளுக்கு எப்படிக் கிடைத்தது?

இடுப்பு மூட்டைப் பாருங்கள். அங்கே தொடை எலும்பின் உருண்டைத் தலை, ஒரு ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்து இருக்கிறது. கெட்டியான இடம். எளிதில் நழுவாது.

தோளில் அப்படிக் கிண்ணம் இல்லை. ஆழம் இல்லாத ஒரு சிறு தட்டுதான் இருக்கிறது. கை எலும்பின் உருண்டைத் தலை, அந்தத் தட்டின் மேல் பந்து போல நிற்கிறது. தட்டைவிடப் பந்து பெரியது!

அப்படியானால் பந்து ஏன் கீழே விழவில்லை?

நான்கு சிறு தசைகள் அதைச் சுற்றிலும் பிடித்துக்கொண்டு இருக்கின்றன. தேரை நாலா பக்கமும் வடம் பிடித்து நிறுத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர்கள் இவற்றை 'ரொட்டேட்டர் கப்' தசைகள் என்று சொல்கிறார்கள்.

இந்த நான்கில் ஒன்றுக்கு மட்டும் கஷ்டமான வழி. தோளின் உச்சியில், மேலே ஒரு எலும்புக்கூரை இருக்கிறது. கீழே அந்தப் பந்து இருக்கிறது. நடுவில் இருக்கும் சந்து வழியாக அந்தத் தசையின் நாண் போகிறது. உரசல் இல்லாமல் இருக்க, ஒரு சிறு நீர்ப்பையும் அங்கே உண்டு.

தசைகள் களைத்துப்போனால் என்ன ஆகும்? பந்தைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்த முடியாது. பந்து மேலே ஏறும். சந்து குறுகும். நாண் நசுங்கும். ஓயாமல் இழுபட்டும் நசுங்கியும் நாண் தடித்துப்போகும். நீர்ப்பை வீங்கும். வீங்கினால் சந்து மேலும் குறுகும்.

அப்போது நீந்துகிறவர் கையைத் தூக்குகிறார். "அம்மா!" என்கிறார்.

தோள் வலியில் பலவிதம் உண்டு. ஆனால் நீந்துகிறவர்களிடம் அதிகமாகக் காணப்படுவது இந்த வகைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

"தண்ணீரில் நீந்துவதால் தோளுக்கு என்ன கேடு? தண்ணீர் மெத்தை போலத்தானே இருக்கிறது?" என்று கேட்கலாம்.

தண்ணீர் மெத்தைதான். கீழே விழுந்து கால் ஒடியாது. ஒருவர்மேல் ஒருவர் மோதுவதும் இல்லை. ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள்.

எங்கள் தெருப் பெண் காலையில் 3 கிலோ மீட்டர் நீந்துகிறாள். மாலையில் 2 கிலோ மீட்டர். ஆக மொத்தம் 5 கிலோ மீட்டர்.

குளத்தின் நீளம் 25 மீட்டர். அப்படியானால் 200 தடவை குளத்தைக் கடக்கவேண்டும்.

ஒரு தடவை கடக்க, இரண்டு கைகளும் சேர்ந்து 20 வீச்சு போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 4 ஆயிரம் வீச்சு. ஒரு தோளுக்கு 2 ஆயிரம்.

வாரத்துக்கு 6 நாள் பயிற்சி. ஒரு தோளுக்கு 12 ஆயிரம்.

வருஷத்துக்கு 50 வாரம். 6 லட்சம்!

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுகிறவர் ஒரு நாளைக்கு 20 ஓவர் வீசினால், "ஐயோ பாவம், தோள் என்ன ஆகும்?" என்று நாம் அனுதாபப்படுகிறோம். அவர் வீசியது 120 பந்துதான். அந்த வீச்சு வேறு, இந்த வீச்சு வேறு என்பது உண்மைதான். ஆனாலும், 13 வயதுப் பெண் ஒரே நாளில் 2 ஆயிரம் தடவை தோளைச் சுழற்றுகிறாளே, அவளுக்காக யார் அனுதாபப்படுகிறார்கள்?

பிரீ ஸ்டைல் நீச்சலில் உடம்பை முன்னால் இழுத்துச் செல்வது பெரும்பாலும் கைதான். கால் உதைப்பது அதற்குத் துணை. ஆகவே பாரம் எல்லாம் தோளில் வந்து விழுகிறது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். கல்லே தேயும்போது நாண் தேயாதா?

பெயர் வைத்த டாக்டர்கள்

இது புதிதாக வந்த நோய் அல்ல.

1974-ம் ஆண்டில் கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற இரண்டு கனடா நாட்டு டாக்டர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். 'நீச்சல் வீரர் தோள்' என்ற பெயர் அப்போது முதல் மருத்துவ உலகில் பரவியது.

2010-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. 13 வயது முதல் 25 வயது வரை உள்ள 80 சிறந்த நீச்சல் வீரர், வீராங்கனைகளை டாக்டர்கள் விசாரித்தார்கள். அவர்களில் 100-க்கு 91 பேர் தோள் வலி உண்டு என்றார்கள்!

52 பேருடைய தோளை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தும் பார்த்தார்கள். 100-க்கு 69 பேருக்கு, நான் மேலே சொன்ன அந்தச் சந்தில் போகும் நாண் கெட்டுப்போய் இருந்தது.

யாருக்கு அதிகமாகக் கெட்டு இருந்தது தெரியுமா? அதிக நேரம் நீந்தியவர்களுக்கு! வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்தவர்கள் அதிகமாகப் பாதிக்கப்பட்டு இருந்தார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தோள் வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை சோம்பேறி அல்ல. பெரும்பாலும் அது அதிகமாக உழைத்த பிள்ளை!

6 தங்கம் வாங்கிய தோள்

மிஸ்ஸி பிராங்க்ளின் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதையைக் கேளுங்கள்.

2012-ல் லண்டனில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அப்போது மிஸ்ஸிக்கு வயது 17. பள்ளிக்கூட மாணவி. 4 தங்கப் பதக்கம், ஒரு வெண்கலப் பதக்கம் வாங்கினார். உலகமே கைதட்டியது.

அடுத்த ஆண்டு பார்சிலோனாவில் உலகப் போட்டி. அங்கே 6 தங்கம்! ஒரே உலக நீச்சல் போட்டியில் 6 தங்கம் வாங்கிய முதல் பெண் அவர்தான்.

பிறகு உடம்பு தொல்லை கொடுக்கத் தொடங்கியது. முதலில் முதுகு. 2016-ல் தோள். அந்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் தனிப் போட்டி எதிலும் அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. தொடர் நீச்சல் அணியில் தகுதிச் சுற்றில் நீந்தியதற்காக ஒரு தங்கம் கிடைத்தது.

2017-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்கு இரண்டு தோள்களிலும் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு தோள் அல்ல, இரண்டும்!

மீண்டும் நீந்திப் பார்த்தார். வலி விடவில்லை. 2018 டிசம்பரில், "இனிமேல் போட்டியில் நீந்தமாட்டேன்" என்று அறிவித்துவிட்டார்.

அப்போது அவருக்கு வயது என்ன? 23!

ஒலிம்பிக் தங்கத்தைவிட, தாயாவதுதான் தன் பெரிய கனவு என்று அப்போது அவர் எழுதினார். பிறகு அவர் தாயாகவும் ஆனார்.

யோசித்துப் பாருங்கள். தோள் நீந்துவதற்கு மட்டும்தானா? குழந்தையைத் தூக்கவேண்டும். குடத்தை இறக்கவேண்டும். பரணில் இருந்து பாத்திரம் எடுக்கவேண்டும். பஸ்சில் மேல் கம்பியைப் பிடிக்கவேண்டும். தலை வாரவேண்டும். பதக்கம் வாங்கும் வயது 10 ஆண்டு. தோள் வேண்டிய வயது 80 ஆண்டு!

உலகத்திலேயே சிறந்த டாக்டர்களும் பயிற்சியாளர்களும் இருக்கும் நாட்டிலேயே இந்தக் கதி. நம் ஊர்ப் பிள்ளைகள் எம்மாத்திரம்?

கிணற்றில் குதித்த காலம்

"நாங்கள் சின்ன வயதில் நாள் முழுவதும் கிணற்றில் கிடப்போம். எங்களுக்குத் தோள் வலித்ததே இல்லையே!" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு.

அது உண்மைதான். ஏன் வலிக்கவில்லை?

கிணற்றில் ஒரே மாதிரி யாரும் நீந்துவது இல்லை. மேட்டில் இருந்து கடப்பாரை நீச்சல் அடிப்பார்கள். முங்கிப் போய் மண் எடுப்பார்கள். மல்லாந்து மிதப்பார்கள். ஓடிப் பிடிப்பார்கள். களைத்துப்போனால் படிக்கட்டில் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். பசித்தால் வீட்டுக்கு ஓடுவார்கள்.

'இன்னும் 40 தடவை போய் வா' என்று கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் மேட்டில் நின்றது இல்லை.

ஆகவே குற்றம் நீச்சலுடையது அல்ல. நீச்சல் நல்லது. ஒவ்வொரு பிள்ளையும் நீந்தக் கற்கவேண்டும். ஆறும் குளமும் கடலும் சூழ்ந்த நாட்டில் நீச்சல் தெரியாமல் இருப்பது ஆபத்து. 'தோள் வலிக்கும்' என்று பயந்து யாரும் பிள்ளையைக் குளத்தில் இருந்து இழுத்துக்கொண்டு வரவேண்டாம்.

அளவு தெரியாமல், ஒரே வீச்சை, வலியோடு வலியாக, வருஷம் முழுவதும் போடவைப்பதுதான் குற்றம்.

இரண்டு வித வலி

"வலியைத் தாங்கினால்தான் வீரன்" என்று சில பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். பெற்றோர்களும் அதை நம்புகிறார்கள்.

வலி இரண்டு விதம்.

ஒன்று, உழைத்த வலி. புதிதாக வயலில் இறங்கி நாற்று நட்டவருக்கு மறுநாள் தொடையும் இடுப்பும் வலிக்கும். சதையில் பரவலாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். இதற்குப் பயப்பட வேண்டியது இல்லை.

இன்னொன்று, அடிபட்ட வலி. தோளின் உச்சியிலோ, முன்பக்கத்திலோ ஓர் இடத்தில் சுருக்கென்று குத்தும். கையைத் தூக்கும்போது வரும். முதலில் நீந்தி முடித்த பிறகு வலிக்கும். பிறகு நீந்தும்போதே வலிக்கும். அப்புறம் நீந்தாதபோதும் வலிக்கும். கடைசியில் ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது.

முதல் வலியைத் தாங்கலாம். இரண்டாவது வலியைத் தாங்குவது வீரம் அல்ல. நெருப்பு பிடித்த வீட்டில், "புகையைத் தாங்கிக்கொள்கிறேன்" என்று உட்கார்ந்து இருப்பதைப் போன்றது அது.

பயிற்சி கொடுப்பவர்களுக்கு

நல்ல பயிற்சியாளர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் மாணவன் நீந்தும் அழகைப் பார்த்தே தோளின் நிலையைச் சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

பிரீ ஸ்டைலில் கை தண்ணீருக்குள் நுழையும் இடத்தைக் கவனியுங்கள். தலைக்கு நேர் முன்னால், நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகிறதா? அது தோளை நசுக்கும். கை, தோளுக்கு நேராக நுழையவேண்டும்.

கட்டை விரல் முதலில் குத்தும்படி கையைத் திருகி நுழைக்கிறார்களா? அதுவும் கெடுதல்தான்.

உடம்பு பலகை போலத் தட்டையாகக் கிடக்கிறதா? வீச்சுக்கு வீச்சு உடம்பும் பக்கவாட்டில் உருளவேண்டும். உருண்டால் தோளுக்குச் சுமை குறையும். எப்போதும் ஒரே பக்கம் மூச்சு வாங்கும் பிள்ளைக்கு, மறு பக்கமும் வாங்கப் பழக்கிக் கொடுங்கள்.

கையில் மாட்டும் 'பேடில்' தட்டு தண்ணீரை அதிகமாகத் தள்ளும். அதனால் தோளுக்கும் பாரம் அதிகம். தோள் வலிக்கும் பிள்ளைக்கு அதை மாட்டாதீர்கள்.

"கை வலித்தால் கிக் போர்டு பிடித்துக் காலை மட்டும் அடி" என்று சொல்வது வழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பலகையைப் பிடிப்பதே சிலருக்கு வலியை அதிகமாக்கும். பலகை இல்லாமல், கையைப் பக்கத்தில் வைத்து, மல்லாந்து உதைக்கச் சொல்லலாம்.

பரீட்சை லீவு முடிந்து வந்த பிள்ளையை முதல் நாளே 5 கிலோ மீட்டர் நீந்தவிடாதீர்கள். படிப்படியாகக் கூட்டுங்கள்.

ஒருவர் கையை மற்றொருவர் பின்னால் இழுத்து வளைக்கும் வழக்கம் சில குளங்களில் உண்டு. அதை நிறுத்துங்கள். நீந்துகிற பிள்ளைகளில் பலருக்கு ஏற்கனவே மூட்டு தளர்வாகத்தான் இருக்கும். தளர்ந்த மூட்டை மேலும் ஏன் தளர்த்தவேண்டும்?

தண்ணீரை இழுக்கும் முன்பக்கத் தசைகள் நீந்தும்போது தாமாகவே பலம் பெறும். முதுகுப் பக்கத் தசைகளும், தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும் தசைகளும் அந்த அளவுக்குப் பலம் பெறுவது இல்லை. ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி, தரையில் கைகளை ஊன்றிச் செய்யும் பயிற்சி ஆகியவற்றால் அவற்றை வளர்க்கவேண்டும். வண்டியில் ஒரு மாடு கொழுத்து, ஒரு மாடு இளைத்தால் வண்டி நேராகப் போகுமா?

பெற்றோர்களுக்கு

பயிற்சி முடிந்து குளத்தில் இருந்து வரும் பிள்ளையிடம், நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன?

"எத்தனை செகண்டு?"

இந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, "தோள் எப்படி இருக்கிறது?" என்று இருக்கட்டும்.

வலிக்கிறது என்று சொன்னால் திட்டாதீர்கள். ஒரு முறை திட்டினால், அடுத்த முறை பிள்ளை சொல்லாது. மறைக்கும். எங்கள் தெருப் பெண் இரண்டு மாதம் மறைத்தது போல!

கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்து நீந்த அனுப்பாதீர்கள். மாத்திரை வலியை மறைக்கும். நாணைச் சரிசெய்யாது. டாக்டரைக் கேட்காமல் தொடர்ந்து கொடுத்தால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும்கூடத் தீங்கு உண்டாகலாம்.

சுளுக்கு என்று நினைத்துக் கையை வெடுக்கென்று இழுத்துவிடச் சொல்லாதீர்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில், வளர்ச்சிக்கான மெல்லிய பகுதி இருக்கிறது. அங்கேயும் அடிபட்டு இருக்கலாம்.

ஒரு வாரம் கையை ஓயவிட்டும் வலி குறையவில்லையா? எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். ராத்திரி தூக்கம் கெடும்படி வலித்தாலோ, கையில் பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, மூட்டு நழுவுவது போல இருந்தாலோ ஒரு வாரம்கூடக் காத்திருக்கவேண்டாம். உடனே காட்டுங்கள்.

தோளில் வலி என்றால் கோளாறும் தோளில்தான் இருக்கவேண்டும் என்பது இல்லை. கழுத்தில் உள்ள கோளாறும் தோளிலும் கையிலும் வலியாக வரலாம். ஆகவே நாமாக முடிவு செய்யக்கூடாது.

பயப்படவும் வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. நீச்சலைக் குறைத்து, பிசியோதெரபி நிபுணர் சொல்லும் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் போதும். காலத்தில் கவனித்தால் வாரக்கணக்கு. மறைத்து வைத்தால் வருஷக்கணக்கு!

ஓய்வும் பயிற்சிதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016-ல் ஒரு யோசனை வெளியிட்டது. விளையாடும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், ஓய்வு வேண்டும். அவர்கள் ஈடுபடும் விளையாட்டில் இருந்து வருஷத்துக்கு மொத்தம் 3 மாதம் விடுமுறை வேண்டும். ஒரே தடவையாக வேண்டாம். ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அந்த மாதங்களில் பிள்ளை சும்மா இருக்கவேண்டும் என்று அர்த்தம் அல்ல. ஓடட்டும். பந்து விளையாடட்டும். சைக்கிள் விடட்டும்.

"ஓய்வு எடுத்தால் ஜெயிக்க முடியுமா?"

இதுதான் பெரிய கேள்வி. அந்தப் பெண்ணின் தகப்பனாரும் இதைத்தான் என்னிடம் கேட்டார்.

"தம்பி, நீங்கள் பேப்பரில் எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள். இந்த வருஷம் மாநிலப் போட்டியில் இடம் பிடித்தால் நாளைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் இடம் கிடைக்கும். என் சம்பளத்தில் பணம் கட்டி இடம் வாங்க முடியுமா?"

அவர் கேட்டதில் தவறு இல்லை. ஒரு சாதாரண குடும்பத்தின் கவலை அது. பெட்ரோலுக்கும் குளத்துக் கட்டணத்துக்கும் நீச்சல் உடுப்புக்கும் வயிற்றைக் கட்டிச் செலவு செய்கிறார். பெண் முன்னுக்கு வரவேண்டும் என்றுதான் செய்கிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அவருக்கு நான் சொன்ன பதில் இது:

"காலேஜ் இடத்துக்கு இன்னும் 4 வருஷம் இருக்கிறது, அண்ணே. 4 வருஷம் நீந்தத் தோள் வேண்டாமா? இந்த ஒரு போட்டிக்காகத் தோளைக் கொடுத்துவிட்டால், அந்த 4 வருஷத்துக்கு எதை வைத்து நீந்துவாள்? விதை நெல்லைச் சமைத்துச் சாப்பிட்டால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வது?"

கிராண்ட் ஹாக்கெட் என்ற ஆஸ்திரேலிய வீரரை அவருக்கு எடுத்துக்காட்டினேன். 1500 மீட்டர் நீச்சலில் 2000-ல் சிட்னியிலும், 2004-ல் ஏதென்சிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் அவர். 2006-ல் காமன்வெல்த் போட்டி அவருடைய சொந்த நாட்டிலேயே, மெல்போர்னில், நடந்தது. தோள் அறுவை சிகிச்சை காரணமாக அவர் அதில் நீந்தவில்லை. அதோடு அவர் கதை முடிந்துவிட்டதா? இல்லை. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அதே 1500 மீட்டரில் வெள்ளி வாங்கினார்!

தொலைவில் உள்ள ஆஸ்திரேலியா எதற்கு? சாஜன் பிரகாஷ் கேரளத்தில் பிறந்து, நம் நெய்வேலியில் வளர்ந்தவர். தாயார் ஓட்டப்பந்தய வீராங்கனை. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் நீந்திய சாஜனுக்கு, அதன் பிறகு கழுத்து எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கிவிட்டது. கை வீச்சே பாதிக்கப்பட்டது. பயிற்சியை நிறுத்திச் சிகிச்சை பெற்றார். பொறுமையாக மீண்டு வந்தார்.

2021 ஜூன் மாதம் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்பிளை நீச்சலை 1 நிமிஷம் 56.38 செகண்டில் முடித்தார். ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரத்தைத் தொட்ட முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான்!

ஓய்வு எடுத்தவர்கள் எல்லாம் தோற்றுவிடவில்லை. காலத்தில் ஓய்வு எடுக்காதவர்கள்தான் 23 வயதில் விடைபெறும் அபாயத்தில் இருக்கிறார்கள்.

செய்யவேண்டியது என்ன?

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளுக்குப் போட்டிப் பயிற்சி கொடுக்கும் ஒவ்வொரு நீச்சல் குளத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். எந்தப் பிள்ளை இந்த வாரம் எத்தனை கிலோ மீட்டர் நீந்தியது, தோள் வலி உண்டா, இல்லையா என்று அதில் எழுதவேண்டும். இதற்கு அதிகச் செலவு இல்லை. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

தோள் வலி என்று சொன்ன பிள்ளை, வலி போகும் வரை போட்டியில் இறங்கக்கூடாது என்று ஒரு விதி வேண்டும். அதனால் அணியில் அதன் இடம் பறிபோகக் கூடாது. இடம் பறிபோகும் என்ற பயம் இருக்கும் வரை, பிள்ளைகள் உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

பயிற்சியாளர்களுக்கும் வருஷம் ஒரு முறை டாக்டர்களைக் கொண்டு வகுப்பு நடத்தவேண்டும். 'நீந்த நீந்தச் சரியாகிவிடும்' என்ற வார்த்தையை நம் குளங்களில் இருந்து ஒழிக்கவேண்டும்.

பின்னிய தலை

அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள்?

தகப்பனார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார். டாக்டரிடம் போய் வந்ததாகச் சொன்னார். நாண் வீங்கி இருக்கிறது, கிழியவில்லை, நல்ல வேளையாக இப்போதே வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

அந்த மாநிலப் போட்டிக்கு அவள் போகவில்லை. அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் கூடத்துப் பதக்கங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து இருந்தாள். அதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆறு வாரம் கைக்கு ஓய்வு. தினமும் ரப்பர் பட்டைப் பயிற்சி. பிறகு குளத்தில் காலை மட்டும் அடித்தாள். பிறகு 10 தடவை. பிறகு 20 தடவை. பயிற்சியாளரும் அவள் கை நுழையும் இடத்தைத் திருத்திக் கொடுத்தார். அவரும் நல்லவர்தான். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

போன வாரம் காலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்து இருந்த பெண், "மாமா!" என்று கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிவிட்டுப் போனாள். தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னி இருந்தாள்.

அவளே பின்னியது என்று அவள் தாயார் சொன்னார்.

பெற்றோர்களே, பயிற்சியாளர்களே! பிள்ளைகள் நீந்தட்டும். வேகமாக நீந்தட்டும். பதக்கங்களை அள்ளட்டும். ஆனால் தோள் வலித்தால், கரை ஏறச் சொல்லுங்கள்.

குளம் எங்கும் ஓடிவிடாது!